விலை ஒட்டாத சரக்கு

பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விலை அச்சடித்திருக்கும். சோப்புக் கட்டியில் போட்டிருக்கும். பிஸ்கட் பொட்டலத்தில் எடை, தயாரித்த மாதம், தயாரித்தவன் முகவரி, எல்லா வரியும் சேர்த்து அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் இருக்கும். போடாமல் விற்றால் குற்றம், போட்டதற்கு மேல் வாங்கினாலும் குற்றம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும் இதைச் சொல்கின்றன. படிக்கத் தெரியாத கிழவிகூட கடைக்காரனிடம் "எம்மாம் போட்டுருக்கு?" என்று கேட்டுவிட முடிகிறது.

ஆனால் நம் தெருக்களில் வாரந்தோறும் வந்து விற்கப்படுகிற ஒரு சரக்குக்கு மட்டும் விலை தெரிவதில்லை. அந்தச் சரக்கின் பெயர் பணம். அதன் விலையின் பெயர் வட்டி.

இதை எழுதுகிறவன் வங்கியில் குமாஸ்தா. போன மாதம் கவுண்டரில் பாஸ்புக் பதிய வந்த ஓர் அம்மா, முந்தானையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். எங்கள் வங்கிக் காகிதம் இல்லை. குழுக்கடன் கொடுக்கிற ஒரு நிறுவனத்தினுடையது.

"இத கொஞ்சம் படிச்சு சொல்லு தம்பி. வாரம் எவ்ளோ கட்டணும்னு தெரியும். எத்தினி வாரம்னு தெரியும். வட்டி எவ்ளோன்னு கேட்டா, அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, தவணையைக் கட்டுன்றான்."

முதல் பக்கம் ஆங்கிலம். இரண்டாம் பக்கமும் ஆங்கிலம். கடைசியில் அந்த அம்மாவின் கையெழுத்து மட்டும் தமிழில் இருந்தது.

நம் விவாதங்களில் நிலம் வருகிறது, கோயில் நுழைவு வருகிறது, இடஒதுக்கீடு வருகிறது, வன்கொடுமை வருகிறது. வரவேண்டியவைதான். வட்டி வருவதில்லை. அது ஏதோ குடும்ப விவகாரம் மாதிரி, பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற சமாச்சாரம் மாதிரி ஒதுங்கிக் கிடக்கிறது. இந்த இதழின் தலையங்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

*

முதலில் கணக்கு. கணக்கு தெரியாமல் கோபப்பட்டுப் பயனில்லை.

தண்டல்காரன் பத்தாயிரம் என்று நோட்டில் எழுதுகிறான். கையில் கொடுப்பது 8,500. நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வசூல். "நூத்துக்குப் பதினஞ்சுதானே, எல்லாரும் வாங்கறதுதானே" என்கிறான். அது பதினைந்து இல்லை. 8,500 ரூபாய் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை. முதல் நாளே நூறு ரூபாய் திரும்பப் போகிறது. ஐம்பதாம் நாள் பாதிப்பணம் அவனிடம் போய்விட்டது. நம் கையில் இருக்கிற பணத்துக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 120 விழுக்காட்டுக்குக் குறையாது.

இரண்டாவது கணக்கு. "வருஷத்துக்கு வெறும் 12 பர்சன்ட்" என்று ஒருவன் 12,000 கொடுக்கிறான். வட்டி 1,440 சேர்த்து மாதம் 1,120 வீதம் பன்னிரண்டு மாதம். அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டி மட்டும் குறையாமல் முழு அசலுக்கும் போடப்பட்டிருக்கிறது. இதற்கு நிலைவட்டி என்று பெயர். குறைகிற அசலுக்குக் கணக்கிட்டால் 12 அல்ல, 21க்கு மேல்.

மூன்றாவது. 40,000 ரூபாய் குழுக்கடன், குறைகிற அசலுக்கு 24 விழுக்காடு, 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை 2,115 ரூபாய்க்குப் பக்கம் வரும். பரிசீலனைக் கட்டணம் ஒரு விழுக்காடு, அதன்மேல் ஜிஎஸ்டி, காப்பீடு எண்ணூறு என்று பிடித்துக்கொண்டு 38,728 ரூபாய் கையில் கொடுத்தால் உண்மை விலை 24 இல்லை, 27ஐத் தாண்டிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் காகிதத்தில் இருக்கிறது. சேர்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்"இல்தான் சந்தை நடக்கிறது.

*

சட்டம் என்ன செய்தது?

தமிழ்நாடு 2003இல் மிகைவட்டி வசூல் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள், அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதின சட்டம்தான். ஆனால் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்கிற சொற்களுக்கு அதில் ஆங்கிலம் கிடைக்கவில்லை. அப்படியே எடுத்துப் போட்டு விளக்கம் எழுதியிருக்கிறார்கள். நம் சனத்தின் வயிற்றெரிச்சல் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. மூன்றாண்டுவரை சிறை, முப்பதாயிரம் ரூபாய்வரை அபராதம்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண்குழந்தைகள் தீயில் கருகினார்கள். கந்துவட்டிப் புகார் மனுவோடு அதே அலுவலகத்துக்குப் பலமுறை வந்துபோன குடும்பம். சட்டம் வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. சட்டம் அலமாரியில் இருந்தது. நெருப்பு வாசலில் இருந்தது.

கந்துவட்டிக்காரனை விரட்ட வந்தவர்களாகத்தான் மைக்ரோ பைனான்ஸ் நிறுவனங்கள் தங்களை அறிமுகம் செய்துகொண்டன. 2010 ஆகஸ்டில் எஸ்.கே.எஸ். நிறுவனத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தபோது முதலீட்டாளர்கள் போட்டி போட்டுக்கொண்டு விண்ணப்பித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆந்திரத்தில் கடன்காரிகளின் தற்கொலைச் செய்திகள் வரிசையாக வர, மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு வசூலை நிறுத்தியது. ஏழைப்பெண்களின் வாரத்தவணை மும்பை பங்குச்சந்தையில் எத்தனை ருசியான பண்டம் என்பது அந்த மூன்று மாதத்தில் வெளுத்துப்போனது.

அதன்பிறகு மாலேகாம் குழு. 2011இல் ரிசர்வ் வங்கி 26 விழுக்காடு உச்சவரம்பு வைத்தது. 2012இல் அதைத் தளர்த்தி, நிறுவனம் தான் வாங்கும் கடன் செலவுக்கு மேல் இவ்வளவுதான் வைக்கலாம் என்று மாற்றியது. 2022 ஏப்ரல் 1 முதல் அந்த வரம்பும் போயிற்று. நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடிக் கொள்கை வகுத்துத் தன் விலையைத் தானே நிர்ணயித்துக்கொள்ளலாம். கொள்ளை வட்டியாக இருக்கக்கூடாது, மேற்பார்வையில் பார்த்துக்கொள்வோம் என்று ஒரு வரி. எது கொள்ளை என்பதற்கு எண் கிடையாது.

சரி, பார்த்துக்கொண்டார்களா? ஒருமுறை பார்த்தார்கள். 2024 அக்டோபர் 17இல் நான்கு நிறுவனங்கள் புதுக்கடன் கொடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டது. மிகை வட்டிதான் முக்கியக் காரணம். அந்த நான்கில் ஆசீர்வாத் மைக்ரோ பைனான்ஸ் சென்னையில் தலைமையகம் கொண்டது. 2025 ஜனவரி இரண்டாம் வாரத்துக்குள் நான்கு தடைகளும் நீங்கிவிட்டன. நிறுவனங்கள் திருத்திக்கொண்டதாக ரிசர்வ் வங்கிக்குத் திருப்தி. ஏற்கனவே கூடுதலாகக் கட்டிமுடித்த பெண்களுக்கு என்ன திருப்தி என்பது அந்த அறிவிப்புகளின் விஷயம் இல்லை.

மாநிலச் சட்டத்தை வைத்து இவர்களைப் பிடிக்க முடியாதா என்று சட்டக்கல்லூரித் தோழர்கள் கேட்கிறார்கள். முடியாது. ரிசர்வ் வங்கியில் பதிவுசெய்த நிதி நிறுவனங்களுக்கு மாநிலங்களின் வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தாது என்று 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வங்கியாக இருந்தால் இன்னும் பாதுகாப்பு. வட்டி அதிகம் என்ற காரணத்தைச் சொல்லி வங்கிக் கடன் கணக்கை எந்த நீதிமன்றமும் திறந்து பார்க்கக்கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984இல் 21ஏ பிரிவைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். கடன்அட்டைக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி போடுவது நேர்மையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. வட்டியை வரையறுப்பது ஆணையத்தின் வேலையில்லையாம், இருவர் மனமொத்துச் செய்த ஒப்பந்தமாம்.

மனமொத்த இருவர்! ஒரு பக்கம் வழக்கறிஞர் படை வைத்திருக்கிற நிறுவனம். இன்னொரு பக்கம், பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட நாளை கடைசி நாள் என்று நிற்கிற ஒரு தாய். சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒரே உயரம். சட்டம் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து குனிந்து பார்க்காவிட்டால் அப்படித்தான் தெரியும்.

*

இனி போட்டி. கடன் கொடுப்பவர்கள் பெருகினால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது பொருளாதாரப் பாடநூல். இன்று ஒரே தெருவில் நாலைந்து நிறுவனங்கள் மையம் வைத்திருக்கின்றன. திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று. விலை இறங்கவில்லை. ஏன்?

விலை தெரியாத இடத்தில் போட்டி நடக்காது. தீப்பெட்டியில் விலை போட்டிருப்பதால்தான் அடுத்த கடையோடு ஒப்பிட முடிகிறது. கடனில் நம் பெண்கள் ஒப்பிடுவது தவணையை, வட்டியை அல்ல. தவணையைச் சிறிதாக்க வாரத்தைக் கூட்டினால் போதும். இது ஒன்று.

இரண்டாவது, நாலு நிறுவனமும் நாலு கடை அல்ல. ஒரு நிறுவனத்தின் தவணையை இன்னொரு நிறுவனத்தின் கடன் அடைக்கிறது. ஒருவருக்கொருவர் போட்டியில்லை, ஒருவர் வசூலுக்கு இன்னொருவர் முட்டு.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது: அடமானம். மைக்ரோ கடனுக்கு அடமானம் கேட்கக்கூடாது என்கிறது விதி. நகை கேட்பதில்லை, பத்திரம் கேட்பதில்லை. மானத்தைக் கேட்கிறார்கள். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவின் மற்ற பெண்கள் அவள் வாசலில் உட்கார வேண்டும். "நீ கட்டாட்டி எங்களுக்கு அடுத்த லோன் வராதுடி" என்று பக்கத்து வீட்டுக்காரியே கத்த வேண்டும். வசூல்காரன் பைக்கில் சாய்ந்துகொண்டு போன் பார்க்கிறான். சேரிக்காரியைக் கொண்டே சேரிக்காரியை அவமானப்படுத்துகிற இந்த வித்தையை இவர்கள் எங்கிருந்தும் இறக்குமதி செய்யவில்லை. இந்த மண்ணிலேயே ஆயிரம் வருஷமாக இருக்கிற வித்தை.

2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதைத் தொடுமா? விலையைக் கூடிப்பேசி நிர்ணயிப்பது அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் குற்றம். 2012இல் பதினோரு சிமெண்ட் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் 6,000 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. 2015இல் தீர்ப்பாயம் ரத்து செய்தது, 2016இல் ஆணையம் மறுபடி போட்டது, 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது, உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். சிமெண்ட் மூட்டைக்கே அத்தனை படி. நம் தெருவில் ஐந்து நிறுவனம் ஒரே விலை சொல்வதாலேயே அது கூட்டுச்சதி ஆகிவிடாது. கூடிப்பேசினார்கள் என்று காட்ட வேண்டும். அவர்கள் கூடிப்பேச வேண்டிய அவசியமே இல்லை. நமக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது ஐந்து பேருக்கும் தனித்தனியாகத் தெரியும்.

ஆனால் அதே போட்டிச் சட்டத்தில் ஒரு வரையறை இருக்கிறது. மாணவத் தோழர்கள் அதைப் படிக்க வேண்டும். எது ஒரு தனிச் சந்தை? போட்டியின் நிலைமைகள் ஒரேமாதிரி இருந்து, பக்கத்துப் பகுதியின் நிலைமைகளிலிருந்து பிரித்தறியக்கூடியதாக இருந்தால் அந்தப் பகுதி தனிச் சந்தை என்கிறது. படித்தபோது சிரிப்பு வந்தது. இது சேரியின் வரையறை அல்லவா! வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் ஊர். நகைக்கடன், பயிர்க்கடன், சொசைட்டிக் கடன், வீட்டுக்கடன். பத்திரம் இருக்கிறது, ஜாமீனுக்கு ஆள் இருக்கிறது, மேனேஜருக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். இந்தப் பக்கம் சேரி. பட்டா இல்லை, நகை ஏற்கனவே மூழ்கிவிட்டது, ஜாமீன் போட வருகிறவனும் கடன்காரன். அதே பணம் அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் இரண்டரை மடங்கு விலை. பொருளாதார அறிஞர்கள் இதை அபாயத்தின் விலை என்கிறார்கள். நாம் இதைச் சாதியின் விலை என்கிறோம். நிலத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தது யார்? நிலமில்லாதவனுக்குக் கடன் கொடுப்பது அபாயம் என்று கூடுதல் வாங்குவது யார்? ஒரே கை.

*

அம்பேத்கர் பணத்தைப் படித்தவர். 1923இல் அவர் வெளியிட்ட ரூபாயின் சிக்கல் பற்றிய நூலை இன்றும் பொருளாதார மாணவர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள். நாம்தான் அவர் சிலையின் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், இன்றைய 15ஆம் விதி விவாதத்துக்கு வந்தது. கடைகளுக்குள் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறதே, கடை என்றால் என்ன என்று கேள்வி எழுந்தது. அம்பேத்கர் அந்தச் சொல்லை ஆகப் பெரிதாக விரித்தார். நாடி வருகிறவர்களுக்குச் சேவை தரத் தயாராக ஒருவன் உட்கார்ந்திருக்கிற இடமெல்லாம் கடைதான், சலவைக்காரர் இடமும் முடிதிருத்தும் இடமும் அடங்கும் என்றார். அப்படியானால் வங்கியும் கடைதான், கடன் நிறுவனமும் கடைதான்.

1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னும் தெளிவு. மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் சரக்கையோ சேவையையோ தீண்டாமையின் பேரால் மறுத்தால் தண்டனை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், வழக்கமான வணிகத்தில் நடப்பதுபோல் நம்மோடு நடக்க மறுப்பதைப் பொருளாதாரப் புறக்கணிப்பு என்று பெயர்சொல்லிக் குற்றமாக்கியது. கவனியுங்கள் தோழர்களே, விலையையும் சந்தையையும் பற்றி இந்த நாட்டில் எழுதப்பட்ட மிக முக்கியமான சட்டவரிகள் போட்டிச் சட்டத்தில் இல்லை. இவற்றில் இருக்கின்றன.

ஆனால் இவை மறுப்பைத் தண்டிக்க எழுதியவை. முன்னே கடைக்குள் விடவில்லை. இப்போது கடையே சேரிக்குள் வருகிறது. பேர்கேட்டு, "அக்கா" என்று கூப்பிட்டு, திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிறது. தனி டம்ளர் கேட்பதில்லை, தனி விலை வைக்கிறது. வெளியே நிறுத்துவது தீண்டாமை என்றால், உள்ளே வந்து கூடுதல் விலைக்கு விற்பதன் பேர் என்ன? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இன்னும் பிரிவு எண் இல்லை.

அரசிடம் நமக்கென்று ஒரு விலை இருக்கத்தான் செய்தது. 1972இல் கொண்டுவந்த வேறுபட்ட வட்டித் திட்டம். நான்கு விழுக்காடு வட்டி. வங்கிகள் தங்கள் கடன்களில் ஒரு விழுக்காட்டை இதற்கு ஒதுக்க வேண்டும், அதில் 40 விழுக்காடு தலித், பழங்குடி மக்களுக்குப் போக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறதா? கிராமத்தில் ஆண்டு வருமானம் 18,000க்குள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். 54 நாள் மண் வெட்டினால் நீங்கள் அந்தத் திட்டத்துக்குப் பணக்காரர். திட்டத்தை ரத்து செய்யத் தேவையில்லை, வரம்பை உயர்த்தாமல் விட்டால் தானே செத்துவிடும். பதிலுக்கு வங்கிகள் என்ன செய்கின்றன? மைக்ரோ நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கடன் கொடுக்கின்றன. நிறுவனம் அதை நம் தெருவில் சில்லறையாக விற்கிறது. வங்கி அந்தக் கடனை முன்னுரிமைக் கடன் கணக்கில் காட்டிக்கொள்கிறது. யாருக்கு முன்னுரிமை என்று மட்டும் கேட்காதீர்கள். இதில் குமாஸ்தாவின் பேனாவுக்கும் பங்கு இருக்கிறது, மறைக்கவில்லை.

நம் பக்கத்தையும் பேசிவிடுவோம். சேரிக்குள்ளேயே வட்டிக்கு விடுகிறவன் இருக்கிறான். நாலு காசு சேர்ந்ததும் கழுத்தில் சங்கிலியும் கையில் நோட்டுமாகத் திரிகிறான். மேடையில் நீலத்துண்டும் போட்டுக்கொள்கிறான். அவனை நன்கொடைக்காக நாமும் முன்வரிசையில் உட்காரவைக்கிறோம். இதைச் சொன்னால் இயக்கத்துக்குக் கெட்டபேர் என்று யாரும் வரவேண்டாம். சொல்லாவிட்டால்தான் கெட்டபேர்.

*

என்ன செய்யலாம்?

சட்டம் போதாது. ஆனால் இருக்கிற சட்டத்தையும் நாம் எடுத்து வீசவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குக் கொடுக்கிற புதுக்கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்று கொடுத்தாக வேண்டும். கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த உண்மையான ஆண்டு விலையை ஒரே எண்ணாக அதில் போட வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை அவர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல் பிடிக்கக்கூடாது. மைக்ரோ கடனுக்கு 2022 விதிகளின்படி கடன்அட்டை தர வேண்டும். வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக்கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக்கூடாது. சொந்தக்காரர்களை, உடன் வேலைசெய்கிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது. மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், கட்டணம் இல்லை. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.

இந்த இதழைப் படிக்கிற ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு வேலை கேட்கிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் ஒரு மாலை உட்காருங்கள். அம்மாவிடம், அத்தையிடம், பெரியம்மாவிடம் மடித்துவைத்த காகிதங்களை எடுத்துவரச் சொல்லுங்கள். கையில் வந்தது எவ்வளவு, தவணை எவ்வளவு, எத்தனை என்று எழுதுங்கள். கணக்குப் போட்டு உண்மை விலையைக் காகிதத்தின் தலையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். தமிழில் அறிக்கை தராத நிறுவனத்திடம் தமிழில் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். ஒருத்தி தனியாகக் கேட்டால் "உனக்கு எதுக்கும்மா" என்பான். நாற்பது பேர் மையத்தில் ஒன்றாகக் கேட்டால் பைக்கிலிருந்து இறங்கி நிற்பான். குழு அவர்கள் கட்டியதுதான். நாம் எடுத்துக்கொள்வோம்.

கூடவே அரசிடம் மூன்று கோரிக்கை. சிறுகடன் வட்டிக்கு எண்ணால் சொன்ன உச்சவரம்பு மறுபடி வேண்டும். நான்கு விழுக்காட்டுத் திட்டத்தின் வருமான வரம்பையும் கடன் தொகையையும் இன்றைய கூலிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். வங்கிகள் தலித் மக்களுக்கு நேரடியாகக் கொடுத்த கடன் எவ்வளவு, என்ன வட்டிக்கு என்பதைக் கிளைவாரியாக வெளியிட வேண்டும்.

அந்த அம்மாவின் காகிதத்துக்கு வருவோம். கவுண்டர் மூடின பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டு, அதன் மேல்பக்கம் நீலமையில் எண்ணை எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி அந்த இரண்டு இலக்கத்தையும் ரொம்பநேரம் பார்த்தார்.

"இத்தினியா?" என்றார்.

அடுத்த வாரம் அவரோடு ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேர் முந்தானையிலும் காகிதம் இருந்தது.

– ஆசிரியர் குழுவுக்காக